மான்டி கிறிஸ்டோ: முழுப் புத்தகமா, சுருக்கமா, காதிலா, திரையிலா?

"கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா அந்தத் தடிமனைப் பார்த்தாலே கை பின்வாங்குது. சுருக்கம் படிச்சாப் போதுமா? இல்ல படமே பார்த்துடலாமா?"

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் நானே ஒருமுறை ஏமாந்தவன். பதினாலு வயதில் இருநூறு பக்கச் சுருக்கம் ஒன்றை ஒரே நாளில் முடித்துவிட்டு, அடுத்த பத்து வருடம் 'அதைப் படித்துவிட்டேன்' என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பர் ஒருவர், "அந்தத் தந்திக்கோபுரத்துக் கிழவர் வருவாரே, எலி தின்ற பீச் பழத்துக்காக வருத்தப்படுவாரே" என்று ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கிழவர்? எந்தப் பழம்? அன்றுதான் முழுப் புத்தகத்தைத் தேடிப் போனேன். நான் படித்தது வேறு கதை என்று நூறு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

அதற்காகச் சுருக்கம் தப்பு, முழுசுதான் சரி என்று அடித்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. யாருக்கு, எப்போது, எது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கதையின் முதல் ஆறில் ஒரு பங்கில் வருவதைத் தாராளமாகச் சொல்வேன். அதற்கு அப்பால் இரண்டு மூன்று காட்சிகளைத் தொட்டுக்காட்டுவேன், முடிவைச் சொல்ல மாட்டேன்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது?

இந்த நாவலின் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். மர்செய் துறைமுகத்தில் எட்மண்ட் டான்டெஸ் என்ற பத்தொன்பது வயது மாலுமி. கப்பல் தலைவனாகப் போகிறான், காதலியைக் கைப்பிடிக்கப் போகிறான். பொறாமைக்காரர்கள் எழுதிய மொட்டைக் கடிதத்தால் 1815 பிப்ரவரி 28 அன்று நிச்சயதார்த்த விருந்திலிருந்தே கைதாகி, கடல் நடுவே இருக்கும் ஷாத்தோ தீஃப் கோட்டைச் சிறைக்குப் போகிறான். பதினாலு வருடம் கழித்துத் தப்பிக்கிறான், புதையல் கிடைக்கிறது, பெரும் பணக்காரக் கோமகனாகப் பாரிசுக்கு வந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறான்.

கதை இவ்வளவுதான் என்றால் இருநூறு பக்கம் போதும். ஆனால் அலெக்சாந்தர் டூமா எழுதியது 117 அத்தியாயம். சிறையிலிருந்து தப்பிப்பது 20-ஆம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் மீதி 97 அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? பெரும்பகுதி காத்திருப்பு. ஒருவன் தன் எதிரிகளின் வீட்டு வாசலில், அவர்களுடைய விருந்து மேசையில், அவர்கள் பிள்ளைகளின் நட்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இங்கே 23 வருடம் ஆறிய கோபம் ஒன்று சூடு குறையாமல் நடமாடுகிறது.

ஆகவே என் முதல் அளவுகோல் இதுதான்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் வடிவத்தில் அந்தக் காத்திருப்பு மிஞ்சுகிறதா?

அப்புறம் நேரம். முழு ஆங்கில மொழிபெயர்ப்பு நாலரை லட்சம் வார்த்தைக்கு மேல். நிமிடத்துக்கு இருநூறு வார்த்தை வேகத்தில் படித்தால் நாற்பது மணி நேரத்தை ஒட்டி வரும். மூன்றாவது, மொழி எவ்வளவு தடுக்கிறது என்பது. நான்காவதைப் பலரும் யோசிப்பதில்லை: பெயர்க்குழப்பம். இந்த நாவலில் ஏறக்குறைய எல்லாருக்கும் இரண்டு பெயர், நாயகனுக்கு நாலைந்து. கடைசியாக, ஒருமுறை தெரிந்துவிட்டால் திரும்ப வராத ஆச்சரியங்கள். ஒரு வடிவத்தில் முந்திக்கொண்டு பார்த்தால் இன்னொரு வடிவத்தில் எவ்வளவு கெட்டுப்போகும் என்பதும் ஒரு செலவுதான்.

| வடிவம் | ஆகும் நேரம் | காத்திருப்பு மிஞ்சுமா? | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| முழுப் புத்தகம், புதிய மொழிபெயர்ப்பு | 40 மணி அளவில் | முழுவதும் | ரோம் பகுதியில் தடுமாற்றம் |
| முழுப் புத்தகம், 1846 மொழிபெயர்ப்பு | இன்னும் கொஞ்சம் கூட | பெரும்பாலும் | பழைய நடை, மங்கலாக்கிய இடங்கள் |
| சுருக்கப் பதிப்பு | 5 முதல் 15 மணி | பாதிக்கும் குறைவு | 'படித்துவிட்டேன்' என்ற நினைப்பு |
| ஒலிப்புத்தகம், முழுசு | 45 மணிக்கு மேல் | முழுவதும் | பெயர்கள் நழுவும் |
| திரைப்படம், தொடர் | 2 முதல் 8 மணி | தொடரில் ஓரளவு | முகம் தெரிந்துவிடும் |

## முழுப் புத்தகம், புதிய மொழிபெயர்ப்பு

ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இன்று நல்ல துணை ராபின் பஸ் மொழிபெயர்ப்பு. 1996-இல் பெங்குவின் வெளியீடாக வந்தது, 1,200 பக்கத்துக்கு மேல். நடை இன்றைய ஆங்கிலம். பின்குறிப்புகளும் உண்டு, அவை வேண்டியும் இருக்கின்றன. நெப்போலியனை நாடுகடத்தி வைத்திருந்த எல்பா தீவிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்ததற்கு ஒருவனை ஏன் உயிரோடு புதைக்க வேண்டும் என்பது அன்றைய அரசியல் தெரியாவிட்டால் விளங்காது. நெப்போலியன் எல்பாவை விட்டுக் கிளம்பியது 1815 பிப்ரவரி 26. எட்மண்ட் கைதாவது அதற்கு இரண்டு நாள் கழித்து. அந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் எட்மண்டை விசாரிக்கும் வில்ஃபோர் என்கிற அரசு வழக்கறிஞரின் நெற்றி ஏன் வியர்க்கிறது என்று புரியும்.

சரி, முழுசில் அப்படி என்னதான் கிடைக்கிறது? என்னை வெட்கப்படவைத்த அந்தத் தந்திக்கோபுரக் காட்சியையே சொல்கிறேன்.

மின்சாரத் தந்தி பரவாத காலம். மலை உச்சிகளிலும் கோபுரங்களிலும் மரக்கைகளைப் பொருத்தி, அவற்றை வெவ்வேறு விதமாக மடக்கி நீட்டிச் செய்தியைக் கோபுரம் கோபுரமாகக் கடத்துவார்கள். ஒரு கோபுரத்தில் இருக்கும் ஆள் தன் வலப்பக்கக் கோபுரம் காட்டுவதை அப்படியே இடப்பக்கத்துக்குக் காட்ட வேண்டும். என்ன செய்தி என்று அவனுக்கே தெரியாது. கோமகன் ஒருநாள் அப்படியொரு கோபுரத்துக்குப் போகிறார். அங்கே இருப்பவர் ஐம்பது வயது ஆள், தந்தியைவிடத் தன் சின்னஞ்சிறு தோட்டத்தில்தான் உயிரை வைத்திருக்கிறார். பறித்த ஸ்ட்ராபெரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். டார்மவுஸ் என்ற சிற்றெலி பீச் பழங்களைத் தின்றுவிடுகிறது என்று புலம்புகிறார். மூடுபனி விழுந்தால் அவருக்குச் சந்தோஷம், அன்றைக்கு விடுமுறை.

கோமகன் அவரிடம் கோபமாகவோ அதிகாரமாகவோ பேசுவதில்லை. தோட்டத்தைப் பற்றியே பேசுகிறார். இன்னும் பெரிய தோட்டம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். பிறகு 25,000 பிராங்கை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: ஐயாயிரத்துக்கு ஒரு சின்ன வீடும் இரண்டு ஏக்கர் நிலமும், மீதி இருபதாயிரத்துக்கு வருடம் ஆயிரம் பிராங்க் வட்டி. அதற்கு அவர் செய்ய வேண்டியது ஒரு தாளில் வரைந்திருக்கும் மூன்று குறியீடுகளை மாற்றிக் காட்டுவது மட்டும். வலப்பக்கத்துக் கோபுரத்துக்காரர் இதைப் பார்த்து, தோட்டக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பதறுகிறார். இடப்பக்கத்துக்காரர் கர்ம சிரத்தையாக அதை அப்படியே கடத்துகிறார். அன்று மாலை பாரிசில், எட்மண்டைக் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவரான டாங்லார் என்ற வங்கிக்காரர் ஸ்பெயின் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு விற்கிறார். மறுநாள் செய்தி தவறு என்று அறிவிப்பு வருகிறது, பழி மூடுபனி மேல் விழுகிறது. விற்றதில் நட்டம், விற்காமல் இருந்தால் வந்திருக்கும் லாபம், இரண்டும் சேர்ந்து அவருக்குப் பத்து லட்சம் பிராங்க் வித்தியாசம்.

அந்த அத்தியாயத்தின் தலைப்பு என்ன தெரியுமா? பீச் பழங்களைத் தின்னும் சிற்றெலிகளை ஒரு தோட்டக்காரர் ஒழித்துக்கட்டுவது எப்படி என்பது. பழிவாங்கும் கதை ஒன்றில் இப்படித் தலைப்பு வைக்கிற தைரியத்துக்காகவே டூமாவுக்குக் கும்பிடு போடலாம். சுருக்கத்தில் இந்த இடம் மிஞ்சினால் பெரும்பாலும் 'தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்துப் பொய்ச்செய்தி பரப்பினார்' என்று ஒரே வாக்கியமாகத்தான் மிஞ்சும். தகவல் அப்படியே இருக்கும், தோட்டத்தையும் எலியையும் காணோம்.

இன்னொரு காட்சி, 71-ஆம் அத்தியாயம். மெர்சிடிஸ் வீட்டில் விருந்து நடக்கிறது, கோடைப் புழுக்கம். எட்மண்டின் அன்றைய காதலி அவள், இன்று அவனுடைய எதிரியின் மனைவி. கோமகன் வந்ததிலிருந்து ஒரு வாய் எதுவும் சாப்பிடவில்லை, ஒரு மிடறு குடிக்கவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், தன் கையாலேயே ஒரு திராட்சைக் குலையைப் பறித்து நீட்டுகிறாள். வேண்டாம் என்கிறார். ஒரு பீச் பழத்தைப் பறித்து நீட்டுகிறாள். அதுவும் வேண்டாம் என்கிறார். ஒரே கூரையின் கீழ் ரொட்டியும் உப்பும் பகிர்ந்துகொண்டவர்கள் என்றைக்கும் நண்பர்கள் என்ற அரேபிய வழக்கத்தை அவள் நினைவூட்டுகிறாள். நாம் இருப்பது அரேபியாவில் இல்லையே என்கிறார் அவர்.

அத்தியாயத்தின் பெயர் 'ரொட்டியும் உப்பும்'. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பின்குறிப்பே தேவையில்லை. அவன் ஏன் சாப்பிட மறுக்கிறான், அவள் ஏன் கெஞ்சுகிறாள் என்று நமக்கு உடனே உறைத்துவிடும். ஆனால் அந்தத் திராட்சைக் குலை அவ்வளவு கனக்க வேண்டுமென்றால் முந்தைய எழுபது அத்தியாயங்களும் நம் முதுகில் இருக்க வேண்டும்.

இதன் மறைமுகச் செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 31-ஆம் அத்தியாயத்தில் கதை திடீரென்று ஒன்பது வருடம் தாவி 1838-க்குப் போகிறது. இத்தாலியில் ஃபிரான்ஸ், ஆல்பர்ட் என்று முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள், ரோமில் திருவிழா, கொள்ளைக்காரர்கள், அவர்களைப் பற்றிய கிளைக்கதைகள். நம்ம எட்மண்டைக் காணோம். புத்தகத்தை மூடி வைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மூடுகிறார்கள், நானும் இங்கே மூன்று வாரம் நின்றேன். இது டூமா வேண்டுமென்றே செய்த வேலை என்பது பின்னால்தான் உறைக்கிறது. இனிமேல் நாம் நாயகனை உள்ளேயிருந்து பார்க்கப் போவதில்லை, அவனிடம் ஏமாறப் போகிறவர்களின் கண்ணால் பார்க்கப் போகிறோம். வெகுதூரம் வரை கதைசொல்லி அவனை எட்மண்ட் என்று கூப்பிடுவதுகூட இல்லை, வெறும் 'கோமகன்'.

இது யாருக்கு: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரே புத்தகத்தோடு இருக்க முடிகிறவர்களுக்கு. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றால் நான்கு மாதம். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இருபது நிமிடம். அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

## முழுப் புத்தகம், பழைய இலவச மொழிபெயர்ப்பு

1846-இல் லண்டனில் சாப்மன் அண்ட் ஹால் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் மொழிபெயர்த்தவர் பெயர் கிடையாது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குடன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விலை மலிந்த அச்சுப் பதிப்புகள் பலவற்றிலும் அட்டைக்குள் இருப்பது இதே சரக்குதான்.

இதில் கதை முழுக்க இருக்கிறது. கெட்டி நடை, நீண்ட வாக்கியம், ஆனால் ஐம்பது பக்கத்தில் பழகிவிடும். குறை வேறிடத்தில். விக்டோரியா காலத்து வாசகரின் கண்ணியத்துக்குப் பயந்து சில இடங்களை மங்கலாக்கியிருக்கிறார்கள். டாங்லாரின் மகள் யூஜெனிக்கும் அவளுடைய இசைத்தோழி லூயிசுக்கும் இடையிலான நெருக்கம், ஹஷீஷ் தின்ற ஃபிரான்ஸ் காணும் மயக்கக் கனவு இரண்டும் டூமா எழுதிய அழுத்தத்தில் இருக்காது. ராபின் பஸ் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்.

என் அபிப்பிராயம்: இந்தப் புத்தகம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இலவசப் பதிப்பில் முதல் பத்து அத்தியாயம் படியுங்கள். கை தானாகப் பதினோராவதுக்குப் போனால் புதிய மொழிபெயர்ப்பை வாங்குங்கள். போகவில்லை என்றால் நட்டம் ஒன்றுமில்லை. புதியதை வாங்க வழியில்லை என்றால் இதிலேயே கடைசிவரை போகலாம், குறைந்துவிட மாட்டீர்கள்.

## சுருக்கப் பதிப்பு

சுருக்கங்களில் பல வகை. நூறு பக்கச் சிறுவர் பதிப்பும் உண்டு, ஐந்நூறு அறுநூறு பக்கத்தில் கவனமாக வெட்டியதும் உண்டு. இரண்டாவது வகையை நான் குறை சொல்ல மாட்டேன். சிறைவாசம், சக கைதி ஃபாரியா பாதிரியாரிடம் கல்வி, தப்பித்தல், புதையல், பழைய கப்பல் முதலாளி மொரெலின் குடும்பத்தைக் காப்பாற்றுதல் என்று முதல் முப்பது அத்தியாயத்தின் வேகம் அவற்றில் பெரும்பாலும் நன்றாகவே பிழைத்துவிடுகிறது.

தப்பிக்கும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன ஃபாரியாவின் பிணச்சாக்குக்குள் எட்மண்ட் தன்னைத் தைத்துக்கொண்டு கிடக்கிறான். மண்ணில் புதைப்பார்கள், தோண்டி வெளியே வந்துவிடலாம் என்பது திட்டம். தூக்கிப்போகிற இருவரில் ஒருவன், ஒல்லிக் கிழவனுக்கு இவ்வளவு கனமா என்று அலுத்துக்கொள்கிறான். வருடத்துக்கு அரை ராத்தல் எலும்பு கனம் ஏறுமாம் என்று மற்றவன் சொல்கிறான். காலில் எதையோ கட்டுகிறார்கள். அலைச் சத்தம் நெருங்குகிறது. ஊஞ்சல் ஆட்டுவது போல் ஆட்டி வீசுகிறார்கள். காற்றில் விழுந்துகொண்டே இருக்கிறான். 36 ராத்தல் இரும்புக் குண்டு அவனைக் கடலுக்குள் இழுக்கிறது. ஷாத்தோ தீஃப் கோட்டைக்கு இடுகாடு கடல்தான். இதை எந்தக் கத்திரியாலும் கெடுக்க முடியாது, எந்தச் சுருக்கத்திலும் மூச்சு நிற்கும்.

வெட்டு விழுவது நடுப்பகுதியில். ரோம் போய்விடும், தோட்டக்காரர் போய்விடுவார், பக்கவாதத்தில் விழுந்து கண்ணசைவாலேயே உயில் எழுதுகிற நுவார்த்தியேர் கிழவர் இரண்டு பக்கத்துக்குள் சுருங்கிவிடுவார். சிறைக்கும் தண்டனைக்கும் இடையே இருக்கும் தூரம் குறைந்தவுடன் கோமகன் ஒரு வில்லாளியைப் போல ஆகிவிடுகிறார். குறிபார்த்தார், அடித்தார், முடிந்தது. அவருக்குள் வளரும் சந்தேகத்துக்கு இடமே இருப்பதில்லை. அந்தச் சந்தேகத்தின் விதை சிறையிலேயே விழுந்துவிட்டது. எட்மண்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் என்று தர்க்கத்தாலேயே துப்புத் துலக்கிச் சொன்ன ஃபாரியா, அடுத்த நிமிடமே சொல்லியிருக்கக் கூடாதோ என்று வருந்துகிறார். உன் மனதில் இல்லாத ஒன்றை, பழிவாங்கும் எண்ணத்தை, நானே விதைத்துவிட்டேனே என்பார். அந்த வருத்தம் சரிதானா என்பதற்குப் பதில் தெரிய எண்பது அத்தியாயம் ஆகிறது.

இதன் பெரிய மறைமுகச் செலவு நான் கொடுத்ததுதான்: படித்துவிட்டோம் என்ற நினைப்பு. அதோடு யார் என்ன ஆவார்கள் என்பதும் தெரிந்துபோயிருக்கும். பிறகு முழுசைத் தொடும்போது ஆச்சரியத்தில் பாதி ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

இன்னொரு தொல்லை, சில பதிப்புகளில் 'சுருக்கம்' என்ற வார்த்தை அட்டையில் இருக்காது, உள்ளே பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். வாங்குவதற்கு முன் பொருளடக்கத்தைப் புரட்டி அத்தியாயங்களை எண்ணிப்பாருங்கள். கடைசி எண் 117 என்றால் பொதுவாக முழுசு. எண்ணே போடவில்லை என்றால் அந்தச் சிற்றெலித் தலைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் பயமில்லை.

இது யாருக்கு: பதின்வயதில் இருப்பவர்களுக்கு, ஆங்கிலத்தில் பெரிய நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு, வாழ்க்கையில் நாற்பது மணி நேரத்தை இதற்குக் கொடுக்கவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு. மூன்றாவது வகையினர் ஐந்நூறு பக்கத்துக்குக் குறையாததாகப் பார்த்து எடுங்கள்.

## ஒலிப்புத்தகம்

முழு நாவலின் ஒலிப்பதிவுகள் 45 மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த இலவசப் பதிவும் உண்டு, அது பழைய மொழிபெயர்ப்பு.

இந்த நாவல் காதுக்கு ஏற்றதுதான். செய்தித்தாளில் தொடர்கதையாக வந்தது. ழுர்னால் தெ தெபா நாளிதழில் 1844 ஆகஸ்ட் 28-இல் தொடங்கி 1846 ஜனவரி 15-இல் முடிந்தது. தொடர்கதை என்பதால் ஆள் மாற்றி ஆள் பேசிக்கொண்டே இருப்பார்கள், அத்தியாயம் முடியும் இடத்தில் 'அப்புறம்?' என்று கேட்கவைக்கும். நடையிலும் வேலையிலும் கேட்க அருமையானது.

ஆனால் பெயர்கள்! மெர்சிடிசை மணந்துகொண்ட ஃபெர்னாண்ட் பிறகு மோர்செர்ஃப் கோமகன் ஆகிவிடுவான். நாயகன் ஓரிடத்தில் புசோனி பாதிரியார், ஓரிடத்தில் வில்மோர் பிரபு, ஓரிடத்தில் சிந்துபாத் மாலுமி. இத்தாலியப் பிரபு என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் உண்மையில் யார் என்பது இன்னொரு கதை. கண்ணால் படிக்கும்போது நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பார்க்கலாம். காதில் நழுவினால் நழுவியதுதான். முப்பது விநாடி பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் தேய்ந்தது.

என் கணக்கில் ஒலி இரண்டாவது வாசிப்புக்குத்தான் பொருத்தம். முதல் வாசிப்புக்கே அதுதான் வழி என்றால், மின்னூலையும் கையில் வைத்துக்கொண்டு, பாரிஸ் அத்தியாயங்களின் தொடக்கத்தை மட்டுமாவது கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## திரையில்

மௌனப்படக் காலத்திலிருந்தே இதை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று எளிதில் பேச்சில் அடிபடுபவை மூன்று. ஜிம் கேவீசல் நடித்த 2002 ஆங்கிலப் படம். பியர் நினே நடித்த 2024 பிரெஞ்சுப் படம், ஏறத்தாழ மூன்று மணி நேரம். சாம் க்ளாஃப்ளின் நடித்து பில்லே ஆகஸ்ட் இயக்கிய எட்டுப் பகுதித் தொடர், அதுவும் 2024.

2002 படம் விறுவிறுப்பானது, ரிச்சர்ட் ஹாரிசின் ஃபாரியாவை மறக்கவே முடியாது. ஆனால் அதை நாவலின் சுருக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபெர்னாண்ட் அதில் எட்மண்டின் உயிர்த்தோழன். நாவலில் மெர்சிடிசின் உறவுக்காரன், எட்மண்டுக்கு ஆகாதவன். ஹெய்தி என்ற முக்கியமான பெண்ணே படத்தில் இல்லை. முடிவும் வேறு. பிரெஞ்சுப் படம் கடலையும் மாளிகையையும் கண்ணுக்கு விருந்தாக வைக்கிறது, அதுவும் நிறையப் பாத்திரங்களைக் கலைத்து அடுக்கியிருக்கிறது. ஆற அமரப் பார்க்கிற மனநிலை இருந்தால் தொடருக்குத்தான் என் ஓட்டு.

எந்தத் திரைவடிவத்துக்கும் தப்பிக்க முடியாத ஒரு சிக்கல் உண்டு. நாயகனின் முகம் நமக்குத் தெரியும். என்ன ஒப்பனை போட்டாலும் அந்த நடிகர்தான் அவர். புத்தகத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பாதிரியார் மதுக்கடைக்காரன் கடருசைத் தேடிவந்து ஒரு வைரத்தை மேசையில் வைக்கும்போது, அவர் யார் என்று கதைசொல்லி மூச்சுக்கூட விடுவதில்லை. நாம்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகிப்பில் இருக்கிற ருசியைக் கேமராவால் தர முடியாது.

இது யாருக்கு: புத்தகத்தை முடித்தவர்களுக்கு, கொண்டாட்டமாக. அல்லது படிக்கவே போவதில்லை, கதை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு. நடுவில் இருப்பவர்கள், அதாவது 'படம் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கிறேன்' என்பவர்கள், கொஞ்சம் யோசியுங்கள்.

## எனக்கு நேரம் இல்லை, ஆனாலும் முழுசாகப் படிக்க ஆசை என்றால்

கேள்வி கேட்கிறவர்களில் பாதிப்பேர் இந்த ரகம், உண்மையில் நானும் இந்த ரகம்தான். இவர்களுக்கு என் பதில் சுருக்கம் இல்லை, தவணை. டூமாவின் முதல் வாசகர்களுக்கு இந்தக் கதை ஒரே மூச்சில் கிடைக்கவில்லை. 1844 நவம்பர் கடைசியில் ஒரு பகுதி முடிந்தபின் அடுத்தது தொடங்கியது 1845 ஜூனில். ஏழு மாதம் பாரிஸ் முழுக்க காத்துக்கொண்டிருந்தது. நீங்கள் இடையில் இரண்டு மாதம் விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் அது தோல்வி ஆகாது.

விடும் இடத்தை மட்டும் பார்த்து விடுங்கள். 30-ஆம் அத்தியாயம் முடிந்ததும் விடலாம், கதையே அங்கே ஒன்பது வருடம் விடுகிறது. 38 முடிந்ததும் விடலாம், ரோம் தாண்டியாயிற்று. ரோமின் நடுவில், அதாவது 33-இலோ 34-இலோ மட்டும் விடாதீர்கள். திரும்பி வர மாட்டீர்கள். பாரிசில் நுழையும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நாலு குடும்பங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மோர்செர்ஃப், டாங்லார், வில்ஃபோர், மொரெல். ஒவ்வொன்றின் கீழும் கணவன், மனைவி, பிள்ளைகள். புதிதாக யார் வந்தாலும் எந்த வீட்டோடு ஒட்டுகிறார் என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். என் சீட்டில் கோடுகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட ஆரம்பித்தது 60-ஆம் அத்தியாயத்துக்குப் பக்கத்தில். அதற்கப்புறம் எனக்குச் சீட்டு தேவைப்படவில்லை, தூக்கமும் வரவில்லை.